வரிசையில் வரும் நாற்காலி

குமாரபாளையத்தில் எங்கள் தெரு அக்கா ஒருவர் அரசு மருத்துவமனையில் ஸ்டாஃப் நர்ஸ். இருபது வருஷத்துக்கு மேல் சர்வீஸ். பதவி உயர்வுக் கவுன்சிலிங்குக்கு அழைப்பு வந்து போனார். அவர் முறை வந்தபோது திரையில் ஈரோடு, நாமக்கல், சேலம் எதுவும் இல்லை, மூத்தவர்கள் எடுத்துவிட்டார்கள். மிஞ்சியவை தெற்குக் கோடி ஊர்கள். வீட்டிலோ நாலு தறி, படுக்கையில் மாமியார். வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு இரவு பஸ் பிடித்தார். மறுநாள் வழக்கம்போல டூட்டி. அந்த வார்டில் புதிதாகச் சேரும் சிஸ்டர்கள் இன்றும் சந்தேகம் என்றால் அவரிடம்தான் ஓடுகிறார்கள்.

அவருக்கு யாரும் அநியாயம் செய்யவில்லை. திரையில் இருந்தது எல்லோர் கண்ணுக்கும் தெரிந்தது. அவருக்கு முன்னால் போனவர்கள் அவரைவிட மூத்தவர்களே. நம் முறையின் பலம் இதுதான். வேலைக்குச் சேரும்போதும் அப்படித்தான். 2012இல் தமிழ்நாட்டில் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் அமைந்தது. 2015இல் அது 7,243 செவிலியர் இடங்களுக்கு எழுத்துத் தேர்வு நடத்தியது. நேர்காணல் கிடையாது, மதிப்பெண்ணும் இடஒதுக்கீட்டுச் சுழற்சியும்தான். மத்திய அரசும் 2016 ஜனவரி முதல் கீழ்நிலை, இடைநிலைப் பணிகளுக்கு நேர்காணலை விலக்கிவிட்டது. எய்ம்ஸ் செவிலியர் பணிக்கும் இன்று தேர்வுதான். "யாரைப் பார்க்கணும்?" என்று கேட்டுக் கேட்டே அலுத்த ஊரில், சிபாரிசுக்கு ஆளில்லாத தறிக்காரர் மகள் அரசு வேலைக்குள் நுழைய இதைவிட நேரான வாசல் இல்லை.

ஆனால் நுழைவதற்குப் பொருந்தும் அளவுகோல் தலைமை ஏற்பதற்கும் பொருந்துமா? ஊசி போடுவது ஒரு வேலை. ஊசி போடும் பத்துப் பேரை நடத்துவது வேறு வேலை. டூட்டி ரோஸ்டர் போடணும், இன்டென்ட் எழுதணும், மருந்து இருப்புப் பதிவேட்டுக்குப் பதில் சொல்லணும், கோபத்தோடு வரும் உறவினரைச் சமாளிக்கணும், டாக்டரிடம் "இது சரியில்லை சார்" என்று சொல்லவும் துணியணும். மூப்புப் பட்டியல் வருஷங்களை எண்ணும். இவற்றில் ஒன்றையும் கேட்காது.

பணக் கணக்கும் இடிக்கிறது. பத்து வருஷத்தில் தேர்வுநிலை, இருபதில் சிறப்புநிலை என்று ஊதியம் ஏறிவிடுவதால், தாமதமாக வரும் உயர்வால் கையில் கூடுவது கொஞ்சம்தான். கூடவே ஊர் மாற்றம், ஓய்வுக்கு எஞ்சிய சில வருஷங்கள். திறமை உள்ளவர் ஒதுங்கிக்கொள்ள இது போதும். 2015 தேர்வில் வந்தவர்களுக்கோ வரிசை தொடங்குவதற்கே காலம் பிடித்தது. மாதம் 7,700 ரூபாய்த் தொகுப்பூதியத்தில் சேர்ந்த அவர்கள், பணி நிரந்தரம் கேட்டு 2017 நவம்பரில் சென்னையில் டி.எம்.எஸ். என்ற மருத்துவத் துறை இயக்ககத்தின் வளாகத்தில் உட்கார வேண்டியிருந்தது.

அப்படியானால் இங்கிலாந்து வழிக்குப் போகலாமா? அங்கே அரசு மருத்துவ சேவையில் ஐந்தாம் படியில் சேரும் செவிலியர், ஆறு, ஏழு என்று ஏற விரும்பினால் காலியிடம் பார்த்து விண்ணப்பிக்க வேண்டும். தகுதி ஒவ்வொன்றுக்கும் தன் அனுபவத்திலிருந்து சான்று எழுத வேண்டும். நேர்காணலில் எல்லோருக்கும் ஒரே கேள்விகள், எழுதி வைத்த மதிப்பெண். தன் ஊரிலேயே காலியிடம் வரும்வரை காத்திருக்கலாம். முப்பது வயதிலும் வார்டு பொறுப்பேற்கலாம். எங்கள் அக்காவுக்கு இது பொருந்தியிருக்கும்.

ஆனால் அந்தத் தராசும் சாய்கிறது. இறுதிப் பட்டியலுக்கு வந்தவர்களில் வேலை கிடைக்கும் வாய்ப்பு, மற்றவர்களைவிட வெள்ளையர்களுக்கு ஒன்றரை மடங்குக்கும் மேல் என்று அந்தச் சேவையின் 2022, 2023 அறிக்கைகளே ஒப்புக்கொள்கின்றன. கேள்வியை அச்சடித்து வைத்தும் அங்கே நிலைமை இது. இங்கே நிறத்தின் இடத்தில் சாதியும் கட்சியும் வந்து உட்கார எவ்வளவு நேரம் ஆகும்?

ஆகவே வரிசையைக் கலைக்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வரிசைக்குள் ஒரு கேள்வியை நுழைக்கலாம். பதவி உயர்வு நெருங்கும் எல்லோருக்கும் முதலில் வார்டு நிர்வாகப் பயிற்சி. பிறகு எழுத்தில் ஒரு சோதனை. "இரவு 2 மணி. வார்டில் நீங்களும் ஒரு பயிற்சி மாணவியும். மூச்சுத் திணறும் நோயாளி இருவர், ஆக்ஸிஜன் சிலிண்டர் ஒன்று. முதல் பத்து நிமிடத்தில் என்ன செய்வீர்கள்?" விடைத்தாளில் பெயர் வேண்டாம். தேறியவர்களுக்குள் மூப்பு முடிவு செய்யட்டும். இடம் வேண்டாம் என்றவர் தன் மாவட்டத்தில் காலியானதும் வரிசையில் முன்னால் நிற்கட்டும்.

ஒரே நிபந்தனை: அந்தக் கேள்வியும் மதிப்பெண்ணும், கவுன்சிலிங் திரையைப் போலவே, எல்லோர் கண்ணிலும் பட வேண்டும்.