மீளும் மெட்டும் மாறும் பொருளும்: அறிவியல் புனைவுத் தொடர்படத்தின் பல்லிய இசை குறித்த சுவைஞர் விவாதம்

முன்னுரை

நிலைபெற்ற ஒரு படைப்பின் தொடர்ச்சியாக எழும் படைப்பு இரு கடன்களைச் சுமந்தே பிறக்கிறது. முன்னதன் நினைவைக் காத்தல் ஒன்று. தனக்கெனப் புதிதாக ஒன்றைச் சொல்லுதல் மற்றொன்று. தமிழிலக்கண மரபு இச்சிக்கலை முதல்நூல், வழிநூல் என்னும் பாகுபாட்டின்வழி எதிர்கொண்டது. தொல்காப்பிய மரபியல் வழிநூலைத் தொகுத்தல், விரித்தல், தொகைவிரி, மொழிபெயர்த்தல் என நால்வகைப்படுத்துகிறது. நன்னூலோ முன்னோர் முடிவோடு ஒத்துச் செல்லுதலையும் பின்னோன் விரும்பும் வேறுபாட்டைக் கூறுதலையும் வழிநூலுக்கு ஒருங்கே விதிக்கிறது.

திரைப்பட இசையிலும் இதே சிக்கல் எழுகிறது. 2015 டிசம்பரில் 'ஸ்டார் வார்ஸ்' வரிசையின் ஏழாம் படமாக ஜே. ஜே. ஆப்ராம்ஸ் இயக்கத்தில் 'தி ஃபோர்ஸ் அவேக்கன்ஸ்' வெளிவந்தது. அப்படத்தையும் அதற்கு ஜான் வில்லியம்ஸ் அமைத்த பல்லிய இசையையும் பற்றிச் சுவைஞரிடையே எழுந்த விவாதம் இங்கு ஆராயப்படுகிறது. அவ்விவாதம் கையாண்ட அளவுகோல்கள் பொருந்துவனவா என்பதே இக்கட்டுரையின் வினாவாகும்.

பல்லியமும் அடையாள மெட்டும்

அறிவியல் புனைவுப் படத்திற்குப் பல்லிய இசைதான் அமையவேண்டும் என்னும் நியதி இல்லை. 'ஃபார்பிடன் பிளானட்' (1956) முழுதும் மின்னணு ஒலிகளால் ஆன இசையைக் கொண்டிருந்தது. '2001: எ ஸ்பேஸ் ஒடிசி' (1968) முன்பே இயற்றப்பட்டிருந்த மேலை இசைப்படைப்புகளை எடுத்தாண்டது. 1977இல் ஜார்ஜ் லூகாஸ் இயக்கிய முதல் 'ஸ்டார் வார்ஸ்' படத்திற்கு வில்லியம்ஸ் வேறு வழியைத் தேர்ந்தார். லண்டன் சிம்பொனி இசைக்குழுவைக் கொண்டு, பத்தொன்பதாம் நூற்றாண்டு மேலைப் பல்லிய மரபையொட்டிய நடையில் புதிதாக இசையமைத்தார். கண் அறியாத உலகிற்குச் செவி அறிந்த இசைமொழி வாயிலாயிற்று எனலாம்.

இவ்விசையின் அடிப்படை அலகு, வாக்னரின் இசைநாடகங்களோடு தொடர்புபடுத்திப் பேசப்பெறும் அடையாள மெட்டு ஆகும். ஒரு மாந்தர்க்கோ கருத்துக்கோ உரிய மெட்டு, கதையின் போக்கில் கருவி, வேகம், சுரச்சேர்க்கை ஆகியவற்றில் மாறி மாறித் தோன்றும். அதன் பொருளும் நிலையானதன்று. 1977இல் பென் கெனோபி என்னும் முதிய வீரரோடு இணைக்கப்பெற்ற மெட்டு, பின்வந்த படங்களில் 'ஃபோர்ஸ்' எனப்படும் பேராற்றல் முழுமைக்கும் உரியதாக விரிந்தமை இதனை உணர்த்தும்.

சுவைஞர்தம் இரு குறைபாடுகள்

2015ஆம் ஆண்டுப் படத்தின் இசை குறித்து இரு எதிரெதிர்க் குறைகள் கூறப்பட்டன. மனத்தில் உடன் பதியும் புதிய மெட்டு இதில் இல்லை என்பது முதற்குறை. இதற்கு ஒப்பீடாகக் காட்டப்பெற்றது, 1980இல் வெளிவந்த 'தி எம்பயர் ஸ்டிரைக்ஸ் பேக்' படத்தில் முதன்முதலாக ஒலித்த 'இம்பீரியல் மார்ச்' என்னும் அணிநடை இசையாகும். பழைய மெட்டுகளைத் திரும்ப ஒலித்துக் கைதட்டல் பெறப்படுகிறது என்பது இரண்டாம் குறை. முதல் ஆறு படங்களுக்கும் வாசித்த லண்டன் குழுவிற்குப் பதிலாக லாஸ் ஏஞ்சல்ஸ் இசைக்கலைஞர்களைக் கொண்டு ஒலிப்பதிவு நிகழ்ந்தமையும் விவாதத்திற்கு உள்ளாயிற்று.

முதற்குறை முற்றும் ஏற்புடையதன்று. முப்பத்தைந்து ஆண்டுகள் பலமுறை கேட்டுப் பழகிய மெட்டையும் அன்று கேட்ட மெட்டையும் ஒரே தட்டில் வைத்து நிறுத்தல் பொருந்தாது. மேலும், இம்பீரியல் மார்ச் ஐயத்திற்கு இடமற்ற கொடுங்கோன்மையின் இசை. ஆதலின் அது தயக்கமின்றி நடக்கிறது. புதிய தலைவியாகிய ரே தன் குடியும் பிறப்பும் அறியாதவள். மெல்லிய கருவிகளில் சிறு துணுக்குகளாகத் தொடங்கிச் சிறிது சிறிதாக ஒன்றுசேரும் அவளது மெட்டு, அவ்வறியாமைக்கு ஏற்பவே அமைந்துள்ளது. அதனிடம் அணிநடையின் உறுதியை எதிர்பார்த்தல், பாத்திரத்தின் இயல்பை மறந்து மெட்டை மட்டும் மதிப்பிடுதலாகும்.

இரண்டாம் குறை ஆழமானது. ஆயின் மெட்டு பழையதாதல் குறையன்று. மீளும்போது அதன் பொருள் மாறாதிருத்தலே குறை. இவ்வேறுபாட்டை அப்படத்திலேயே காணலாம். 'மில்லேனியம் ஃபால்கன்' என்னும் பழைய விண்கலம் மீண்டும் பறக்கையில் முதற்படத்தின் எக்காள முழக்கம் ஒலிக்கிறது. அது பழைய மகிழ்ச்சியை எழுப்புகிறது. அம்மகிழ்ச்சியோடு எதனையும் சேர்ப்பதில்லை. பனிக்காட்டில் ஒளிவாள் பகைவனைக் கடந்து ரேயின் கையை அடையும் காட்சியிலோ, 1977இல் லூக் தன் வீடு எரிந்து கிடக்கக் கண்டபோது ஒலித்த வடிவிலேயே ஃபோர்ஸ் மெட்டு எழுகிறது. அன்று அது இழப்பின் இசை; இன்று அது பொறுப்பை ஏற்றலின் இசை. முன்னது நினைவூட்டல், பின்னது மறுபொருள்கோள்.

படத்தின் கதையமைப்பும் இங்குக் கருதத்தக்கது. பாலைநிலக் கோள், மறைசெய்தி சுமக்கும் எந்திரம், கோள்களை அழிக்கும் பேராயுதம் ஆகியன முதற்படத்தினின்றும் பெரிதும் வேறுபடாமல் வருகின்றன. சூழல் மாறாதவிடத்து மீளும் மெட்டின் பொருளும் மாறுதல் அரிது. சுவைஞர் பலர் இசையின்மேல் ஏற்றிய குறை, உண்மையில் கதையைச் சாரும் குறையே எனலாம்.

மீள்வருகையின் ஆற்றல்

மெட்டு கதையை முந்திச் செல்லுதலும் உண்டு. 1999ஆம் ஆண்டுப் படத்தில் சிறுவன் அனாகினுக்குரிய இனிய மெட்டின் முடிவில் இம்பீரியல் மார்ச்சின் சாயல் தோன்றுகிறது. அதே படத்தின் இறுதி வெற்றி ஊர்வலத்தில், 1983ஆம் ஆண்டுப் படத்துப் பேரரசனின் இருண்ட மெட்டே களிப்பிசையாக மாறி ஒலிக்கிறது. மாந்தர் அறியாத வருங்காலத்தை இசை அறிந்திருக்கிறது. இத்தகைய நுட்பங்களைப் பன்முறை கேட்டு, ஒப்பிட்டு எடுத்துரைத்தவர்களுள் சுவைஞரும் உளர் என்பது குறிப்பிடத்தக்கது.

2017இல் வந்த 'தி லாஸ்ட் ஜெடை' படம் இதன் சிறந்த சான்றைத் தருகிறது. முதற்படத்தில், ஊரைவிட்டு வெளியேறத் துடிக்கும் இளைஞன் லூக் இரட்டைச் சூரியன்கள் மறைவதை நோக்கி நிற்கையில் ஃபோர்ஸ் மெட்டு எழுந்தது. நாற்பதாண்டுகளுக்குப் பின், முதுமையுற்ற லூக் உயிர்நீக்கும் வேளையில் இரட்டைச் சூரியன்களும் அம்மெட்டும் மீள்கின்றன. ஏக்கமாக ஒலித்தது நிறைவாக ஒலிக்கிறது. அம்மெட்டு புதிதாக இருந்திருப்பின் இப்பொருள் பிறந்திராது.

தமிழ்க் காப்பிய மரபில் இதற்கு இணையுண்டு. சிலப்பதிகாரத்தில் இந்திரவிழா ஆடலும் பாடலும் நிறைந்த பெருவிழா. கோவலன் மாதவி பிரிவும் அவ்விழாவின் முடிவிலேயே நிகழ்கிறது. மணிமேகலையும் இந்திரவிழா அறிவிப்போடு தொடங்குகிறது. ஆயின் அவ்விழாவிற்கு மாதவி ஆட வரவில்லை. ஊர் அலர் தூற்றுகிறது. விழா அதுவே, அதன் பொருள் வேறு. முன்னைக் காப்பியத்தை அறிந்தார்க்கே அவ்வெறுமையின் கனம் முழுதும் புலனாகும்.

முடிவுரை

புதுமை இன்மை, பழமை மிகுதி என்னும் இரு குறைகளும் மெட்டின் வயதையே அளக்கின்றன. தொடர்படைப்பை மதிப்பிட அவ்வளவுகோல் போதாது. முன்னது மீளும்போது அது புதிதாக எதனைச் சொல்கிறது என்பதே கேட்கத்தக்க வினா. அவ்வினாவின்படி நோக்கின், 2015ஆம் ஆண்டுப் படத்தின் இசை சிலவிடங்களில் வென்றும் சிலவிடங்களில் நினைவூட்டலோடு நின்றும் அமைகிறது. இம்மதிப்பீட்டைச் செய்யவல்லவர் முன்னதை நெஞ்சில் கொண்ட சுவைஞரே. அந்நினைவைக் கைதட்டலுக்கு மட்டும் பயன்படுத்தும் படைப்பு அவர்களைக் குறைத்து மதிப்பிடுகிறது. அந்நினைவின்மேல் புதுப்பொருளை எழுப்பும் படைப்பு அவர்களைத் தன் பங்காளராக ஆக்கிக்கொள்கிறது. மரபு தொடர்வதும் தேங்குவதும் இவ்வேறுபாட்டைப் பொறுத்தனவாம்.