ஓப்பன்ஃபோம்: திறந்த நிரலும் மூடிய கேஸும்

பாய்ம ஓட்டங்களைக் கணக்கிடும் திறந்த மூலநிரல் மென்பொருளான ஓப்பன்ஃபோம் பற்றி நம்மூர்ப் பொறியியல் துறைகளில் பேச்சு வந்தால் முதலில் வருவது விலைதான். ஃபுளூயன்ட் என்ற வணிக மென்பொருளின் உரிமத்துக்குப் பணம் கட்ட வழியில்லாத துறைக்கு இது இலவசம் என்பார்கள். தலையாட்டல்களோடு பேச்சு அங்கேயே முடிந்துவிடும். இந்த மென்பொருளுக்குச் சார்பாகச் சொல்லக்கூடியவற்றில் மிகவும் மெலிந்த வாதம் இதுதான். நிதி வந்த வருடமே அது காலாவதியாகிவிடும். தவிர, ஒரு முனைவர் பட்ட மாணவர் இதைக் கற்றுக்கொள்ளச் செலவிடும் மாதங்களைக் கணக்கில் சேர்த்தால் இலவசம் என்று சொல்லவும் வாய் வராது.

எடைபோட வேண்டிய வாதம் இன்னொன்று. ஆய்வு முடிவு என்பது பிறர் சோதித்துப் பார்க்கக்கூடியதாக இருக்க வேண்டும். கணக்கிட்ட நிரலே கண்ணுக்குத் தெரியாவிட்டால் முடிவை எப்படிச் சோதிப்பது? ஆகவே பாய்ம இயக்கவியல் ஆய்வு திறந்த மூலநிரலில்தான் நடக்க வேண்டும் என்கிறார்கள். இதில் பாதி உண்மை. எந்தப் பாதி என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

உண்மையான பாதியைப் பார்க்க இன்டர்ஃபோமை எடுத்துக்கொள்ளலாம். ஓப்பன்ஃபோமுக்குள் இருக்கும் ஒரு சால்வர், அதாவது சமன்பாடுகளைத் தீர்க்கும் நிரல், அது. தண்ணீரும் காற்றும் போல ஒன்றோடொன்று கலவாத இரண்டு பாய்மங்கள் சேர்ந்து ஓடுவதைக் கணக்கிடும். அணை உடைந்து நீர் பாய்வது, தொட்டிக்குள் எரிபொருள் தளும்புவது, கப்பல் முகப்பில் அலை மோதுவது எல்லாம் அதில் ஓடும். ஓட்டம் நடக்கும் வெளியைச் சிறு அறைகளாகப் பிரிக்கும் மெஷ்ஷின் ஒவ்வொரு அறையிலும் தண்ணீரின் பங்கு எவ்வளவு என்பதை 0-க்கும் 1-க்கும் இடைப்பட்ட ஓர் எண்ணாக வைத்துக்கொண்டு, அந்த எண்ணை ஓட்டத்தோடு நகர்த்துகிறது. நகர்த்த நகர்த்த நீர்ப்பரப்பு மங்கிப் பல அறைகளுக்குப் பரவிவிடும். அதைத் தடுக்க, பரப்பை ஒட்டிய இடத்தில் மட்டும் வேலைசெய்யும் ஓர் இறுக்கும் உறுப்பைச் சமன்பாட்டில் சேர்த்திருக்கிறார்கள். இயற்பியலில் அப்படி ஒரு விசை கிடையாது. கணக்கு கலையாமல் இருக்க வைத்த முட்டு அது. அதன் குணகத்துக்கு, மென்பொருளோடு வரும் பயிற்சிக் கேஸ்களில் (ஒரு கணக்குக்கான உள்ளீட்டுக் கோப்புகளின் தொகுப்பே கேஸ்) 1 என்று போட்டிருக்கும். பெரும்பாலானவர்கள் அதைத் தொடுவதே இல்லை.

பல வருடங்களாக இந்தச் சால்வரை உலகெங்கும் ஓட்டிக்கொண்டிருந்தார்கள்; அது உள்ளே என்ன செய்கிறது என்று முழுதாக எழுதிவைத்த ஆவணம் அரிது. 2012-இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் மூவர் நிரலைப் பிரித்துப் படித்து, படிமுறையைச் சமன்பாடுகளாக எழுதிக் காட்டி, பின் சோதனைக் கணக்குகளில் நிறுத்திப் பார்த்தார்கள். நிலைமம் ஆளும் ஓட்டங்களில் அது நன்றாகவே நின்றது. பரப்பு இழுவிசை ஆளும் ஓட்டங்களில், அசையாமல் இருக்க வேண்டிய துளியைச் சுற்றிப் பொய் ஓட்டங்கள் எழுந்தன. அதாவது அலைக்கு நம்பலாம், நுண்துளிக்கு யோசிக்க வேண்டும். 2016-இல் யோஹான் ரோன்பியும் உடன் ஆய்வாளர்களும், அந்த இறுக்கும் உறுப்புக்கு மாற்றாக, நீர்ப்பரப்பை வடிவியல் முறையில் நகர்த்தும் ஐசோஅட்வெக்டர் என்ற வழியை வெளியிட்டார்கள். மறுவருடமே அது ஓப்பன்ஃபோமின் 1706 பதிப்பில் புதிய சால்வராக உள்ளே வந்தது.

ஒரு குறை, அதன் நோயறிதல், மாற்று வழி, அந்த மாற்று எல்லோர் கணினிக்கும் வந்து சேர்வது ஆகிய நான்கும் ஏறக்குறைய ஐந்து வருடங்களில், எந்த நிறுவனத்தின் வாசலிலும் அனுமதிக்கு நிற்காமல் நடந்தன. மூடிய மென்பொருளில் இதில் முதல் படியே கடினம். ஃபுளூயன்ட்டில் பயனர் தன் சொந்தச் சிறுநிரலைச் செருகலாம், சமன்பாட்டில் ஒரு மூல உறுப்பைச் சேர்க்கலாம். ஆனால் அழுத்தமும் திசைவேகமும் உள்ளே எப்படிப் பிணைக்கப்படுகின்றன என்பதைத் திருத்த முடியாது. நியாயமாக ஒன்றைச் சொல்லிவிட வேண்டும்: ஃபுளூயன்ட்டின் கோட்பாட்டுக் கையேட்டைத் திறந்தால் எந்த மாதிரி எந்தச் சமன்பாட்டில் நிற்கிறது என்று ஒழுங்காக எழுதியிருக்கும். ஓப்பன்ஃபோமில் அந்த ஒழுங்கை நிரலுக்குள் போய்த் தேட வேண்டியிருக்கிறது. நிரல் திறந்திருந்தும் விளக்கம் மூடியிருக்கும் விசித்திரம் இது.

நிரலுக்குள் போய்த் தேடுவது சாத்தியம் என்பதே ஓப்பன்ஃபோமைத் தொடங்கிய ஹென்றி வெல்லரின் சாதனை. லண்டன் இம்பீரியல் கல்லூரி இந்தத் துறையின் பழைய ஊற்று. அழுத்தத்தையும் திசைவேகத்தையும் மாறிமாறித் திருத்திக் கணக்கிடும் சிம்பிள் படிமுறையை ஸ்பால்டிங்கும் நம் நாட்டவரான சுஹாஸ் படங்கரும் 1972-இல் வெளியிட்டது அங்கிருந்துதான். அதே கல்லூரியில் 1980-களின் இறுதியில் வெல்லர் எழுதத் தொடங்கிய நிரல், ஃபோர்ட்ரான் கோலோச்சிய காலத்தில் சி++ மொழிக்குப் போனது. வெல்லர், டேபர், யாசக், ஃபூரெபி நால்வரும் 1998-இல் எழுதிய கட்டுரையின் சாரம், கரும்பலகையில் எழுதும் பகுதி வகைக்கெழுச் சமன்பாடும் நிரலின் வரியும் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்க வேண்டும் என்பது. நேரத்தைப் பொறுத்த உறுப்பு, சுமந்துசெல்லும் உறுப்பு, பரவும் உறுப்பு என்று வரியைப் படித்தாலே சமன்பாடு தெரியும். புதிய உறுப்பைச் சேர்க்க விரும்பும் ஆய்வாளருக்கு இதைவிடப் பெரிய உபகாரம் செய்த மென்பொருளை நான் அறியேன். கொஞ்ச காலம் நாப்லா என்ற நிறுவனத்தின் வழியாக விற்கப்பட்டு, 2004 டிசம்பரில் ஜிபிஎல் உரிமத்தின் கீழ் அது பொதுவில் வந்தது.

அந்த வாதத்தின் உண்மையல்லாத மற்றப் பாதிக்கு ஒரு பாம்பு சாட்சி. மரத்திலிருந்து தாவி, உடலைத் தட்டையாக்கிக் காற்றில் மிதந்து இறங்கும் கிரைசோபீலியா இனம் தென்கிழக்கு ஆசியக் காடுகளில் இருக்கிறது. அதன் குறுக்குவெட்டைச் சுற்றிக் காற்று ஓடுவதை அமெரிக்காவில் லொரேனா பார்பாவின் குழு கணக்கிட்டு, ரெனால்ட்ஸ் எண் 2000-ஐ எட்டும்போது 35 டிகிரி தாக்குகோணத்தில் தூக்குவிசை சட்டென்று கூடுகிறது என்று 2014-இல் எழுதியது. பிறகு அதே குழு அந்த முடிவைத் தானே மறுபடி பெற முடிகிறதா என்று பார்த்தது. தங்கள் பழைய நிரல், தாங்களே புதிதாக எழுதியது, வேறொரு குழுவின் நிரல், ஓப்பன்ஃபோம் என நான்கு. நான்கும் திறந்த மூலநிரல்கள். செய்தவர்கள் துறையில் தேர்ந்தவர்கள். மூன்று வருடங்களுக்கு மேல் ஆயிற்று. பார்பாவும் ஒலிவியே மெஸ்னாரும் 2017-இல் வெளியிட்ட கட்டுரை, நினைத்ததைவிட இது கடினம் என்பதைத் தலைப்பிலேயே ஒப்புக்கொண்டது.

எங்கே சறுக்கியது என்பதுதான் பாடம். ஓப்பன்ஃபோமில் மெஷ்ஷும் எல்லை நிபந்தனையும் காலை வாரின. பாம்பின் பின்னால் உருளும் சுழல்கள் வெளியேறும் எல்லையைத் தொடும்போது, அங்கே வைத்த வழக்கமான நிபந்தனை அவற்றைச் சுமுகமாக வெளியே விடவில்லை, கணக்கு கெட்டது. சுழலைச் சுமந்து வெளியேற்றும் வகை நிபந்தனைக்கு மாறியபின்தான் சரியாயிற்று. இன்னொரு நிரலில் நேரியல் சமன்பாடுகளைத் தீர்க்கும் நூலகத்தின் தேர்வே முடிவை மாற்றியது. தங்கள் பழைய நிரலிலேயே வெளி நூலகத்தின் பதிப்பு மாறியதும் விடை பழையபடி வர மறுத்தது. மறைந்த நிரல் எங்குமே இல்லை. இருந்தும் முடிவு நழுவியது. ஏனென்றால் முடிவு நிரலில் மட்டும் இல்லை. மெஷ்ஷிலும் எல்லை நிபந்தனையிலும் தீர்வு சகிப்பளவிலும் பதிப்பு எண்ணிலும் பரவிக் கிடக்கிறது. இவை அனைத்தும் கேஸ் ஃபோல்டருக்குள் இருப்பவை. ஆய்வுக் கட்டுரையோடு அந்த ஃபோல்டர் வருவது அபூர்வம்.

பாய்மத்திலிருந்து விலகி ஒரு பழைய விபத்தையும் சாட்சிக்கு அழைக்கலாம். 1991 ஆகஸ்ட் 23 அன்று நார்வேயின் கான்ஸ்ஃபியோர்டில் ஸ்லைப்னர் ஏ எண்ணெய்த் தளத்தின் கான்கிரீட் அடித்தளம் சோதனையின்போது மூழ்கியது. நாஸ்ட்ரான் மென்பொருளில் செய்த கணக்கு, சுவர்கள் சேரும் முக்கோண அறைகளில் வெட்டுத் தகைவை 47 சதவீதம் குறைத்துக் காட்டியிருந்தது. அந்த மூலையில் மெஷ் முரடாகவும் கோணலாகவும் இருந்ததே காரணம். விபத்துக்குப் பின் நுணுக்கமாகப் போட்ட கணக்கு 62 மீட்டர் ஆழத்தில் உடையும் என்றது. உடைந்தது 65 மீட்டரில். கருவி பொய் சொல்லவில்லை. நாஸ்ட்ரானின் ஒவ்வொரு வரியையும் அந்தப் பொறியாளர்கள் கையில் கொடுத்திருந்தாலும் அந்த அடித்தளம் மூழ்கியிருக்கும். மெஷ்ஷை இன்னொருவர் பார்த்திருந்தால் ஒருவேளை நின்றிருக்கும்.

ஓப்பன்ஃபோமுக்கே உரிய குறைகளும் உண்டு. அவற்றைச் செல்லமாகக் கடந்துபோகும் பழக்கம் அதன் அன்பர்களிடம் இருக்கிறது. நிரல் பொதுச்சொத்துபோல் புழங்குகிறது, பெயர் அப்படியில்லை. வெல்லரின் ஓப்பன்சிஎஃப்டி நிறுவனத்தை 2011-இல் எஸ்ஜிஐ வாங்கியது. 2012-இல் அது ஈஎஸ்ஐ குழுமத்துக்குப் போனது. ஈஎஸ்ஐயை 2023-இல் கீசைட் வாங்கியது. வணிகமுத்திரை அந்த வழியிலேயே போயிற்று. வெல்லர் தரப்பு ஓர் அறக்கட்டளையின் பெயரில் தனிக் கிளையை நடத்துகிறது. யாசக்கின் ஃபோம்-எக்ஸ்டெண்ட் மூன்றாவது கிளை. ஒரு கிளையின் பதிப்புகள் 10, 11 என்று போகும். இன்னொன்றில் வருடமும் மாதமும் சேர்ந்து 1706, 2312 என்று வரும். ஓப்பன்ஃபோமில் கணக்கிட்டோம் என்று மட்டும் எழுதிவிட்டுப் போகும் கட்டுரை, எந்த நிரலில் கணக்கிட்டது என்பதையே சொல்லவில்லை என்று அர்த்தம். அறக்கட்டளைக் கிளையின் 11-ஆம் பதிப்பு 2023-இல் சால்வர்களின் அமைப்பையே மாற்றியது. கேஸ் கோப்புகளின் பெயர்களும் இடையில் மாறியிருக்கின்றன. பழைய கேஸை அப்படியே எடுத்துப் புதிய பதிப்பில் ஓட்டினால் ஓடாமல் நின்றுவிடும் வாய்ப்பே அதிகம். நிரலைச் செம்மைப்படுத்துபவர்களுக்கு இது நியாயமாக இருக்கலாம். மறுசோதனை என்ற பெயரில் இந்த மென்பொருளை விற்பவர்களுக்கு நியாயமில்லை.

இன்னொரு பழக்கம் பயிற்சிக் கேஸை நகலெடுத்து வடிவத்தை மட்டும் மாற்றி ஓட்டுவது. முதல் வரிசைத் துல்லியம் மட்டுமே உள்ள நேரப்படித் திட்டம் பயிற்சிக்காக வைக்கப்பட்டது. அதுவே ஆய்வேட்டுக்குள் போய்விடுகிறது. வண்ணவண்ணப் படம் வருகிறது, வழிகாட்டியும் கையெழுத்துப் போட்டுவிடுகிறார். வணிக மென்பொருளிலும் இது நடக்கும்தான். ஆனால் கண்ணுக்குத் தெரிவதாலேயே நம்பகமானது என்று பெருமை கொள்ளும் தரப்பு அதைச் செய்யும்போது கூடுதலாக உறுத்துகிறது.

இந்தப் பின்னணியில் ஐஐடி பம்பாயின் ஃபாஸ்ஸீ திட்டம் செய்துவரும் ஒன்று, அது பெறும் கவனத்தைவிடப் பெரியது. வெளிவந்த ஆய்வுக் கட்டுரைகளின் கணக்குகளை மாணவர்களைக் கொண்டு ஓப்பன்ஃபோமில் மறுபடி செய்யவைத்து, கேஸ் கோப்புகளையும் எவரும் எடுக்கும்படி வைக்கிறார்கள். தரம் ஏற்றத்தாழ்வாகத்தான் இருக்கும். ஆனால் தப்பைக் கண்டுபிடிக்கவும் கோப்பு வேண்டுமே.

என் தீர்ப்பு இரண்டாகப் பிரிகிறது. சமன்பாட்டையோ கணக்கிடும் முறையையோ ஆராய்பவருக்கு ஓப்பன்ஃபோம் போன்ற திறந்த நிரலைத் தவிர வேறு நேர்மையான தேர்வு இல்லை. இன்டர்ஃபோமின் கதை அதற்குப் போதும். மூடிய சால்வருக்குள் புதிய கொந்தளிப்பு மாதிரியைச் செருகி, அது முன்னேற்றம் என்று அறிவிக்கும் ஆய்வேட்டை நான் ஏற்கத் தயங்குவேன். தெரிந்த மாதிரியைக் கொண்டு ஒரு குழாயையோ இறக்கையையோ கணக்கிடுபவர் விஷயம் வேறு. அவர் எந்த மென்பொருளில் ஓட்டினார் என்பது இரண்டாம்பட்சம். கேஸ் ஃபோல்டரை மூடிவைத்த ஓப்பன்ஃபோம் கட்டுரையைவிட, மெஷ்ஷையும் அமைப்புகளையும் முழுதாக வெளியிட்ட ஃபுளூயன்ட் கட்டுரைக்கு நான் கூடுதல் மதிப்பெண் போடுவேன். ஆய்வேட்டின் வாய்மொழித் தேர்வில் என்ன மென்பொருள் என்று கேட்பதை விட்டுவிட்டு, கிளையையும் பதிப்பையும் கேட்கலாம். மெஷ்ஷை இரட்டிப்பாக்கியபோது விடை எவ்வளவு நகர்ந்தது என்று கேட்கலாம். ஃபோல்டரைத் தேர்வாளர் தன் கணினியில் ஒருமுறை ஓட்டிப் பார்க்கலாம். ஓப்பன்ஃபோமில் இதற்கு உரிமம் எதுவும் தேவையில்லை. விலை இல்லாதது உண்மையில் உதவும் இடம் இந்த ஒன்றுதான்.