பொருளுக்குள் இருக்கும் கொள்கை

ஓர் ஆட்சியின் கொள்கையை அறிய அதன் அறிக்கைகளைப் படிக்கிறோம். அது மக்கள் கையில் கொடுத்த பொருள்களையும் படிக்க வேண்டும். யாருக்காக, என்ன விலையில், என்ன செய்வதற்காக அவை உருவாயின என்ற கேள்விகளில் அரசியல் வெளிப்பட்டுவிடுகிறது.

1926இல் பிராங்க்பர்ட் நகராட்சி தொழிலாளர் குடியிருப்புகளைக் கட்டியபோது மார்கரெட் ஷ்யூட்டே-லிஹோட்ஸ்கி ஒரு சிறிய சமையலறையை வடிவமைத்தார். பெண்ணின் வீட்டு உழைப்பைக் குறைக்க வேண்டும் என்ற நோக்கில் ஒவ்வொரு அடி நடையும் அளந்து திட்டமிடப்பட்டது. சுமார் 10,000 வீடுகளில் அது அமைந்தது. ஆனால் ஒருவர் மட்டுமே வேலை செய்ய ஏற்ற அந்த அறை, சமையல் பெண்ணின் தனிப்பொறுப்பு என்பதையும் உறுதிப்படுத்தியதாகப் பின்னாளில் பெண்ணியவாதிகள் விமர்சித்தார்கள். அந்த விமர்சனம் நியாயமானது.

1933இல் பெர்லினில் அறிமுகமான நாஜி ஆட்சியின் 'மக்கள் வானொலி'யின் விலை 76 மார்க். அதன் மாடல் எண் 301, ஹிட்லர் பதவியேற்ற ஜனவரி 30ஐக் குறித்தது. மலிவான அதன் மின்சுற்று அருகிலுள்ள நிலையங்களையே நன்றாகப் பிடித்தது. நல்ல ஏரியல் இருந்தால் இரவில் வெளிநாட்டு ஒலிபரப்பும் கேட்கும்; 1939இல் அதைக் கேட்பதைக் குற்றமாக்கினார்கள். அதே ஆட்சி வாரம் 5 மார்க் சேமித்தால் 'மக்கள் கார்' என்றது. சேமித்தவர்கள் மூன்று லட்சத்துக்கும் மேல். அத்திட்டத்தில் ஒருவருக்கும் கார் கிடைக்கவில்லை.

கிழக்கு ஜெர்மனியின் டிராபண்ட் கார் 1957இல் வந்தது. ஸ்புட்னிக் துணைக்கோள் ஏவப்பட்ட ஆண்டு அது. காரின் பெயரும் துணைக்கோளையே குறித்தது. எஃகுத் தட்டுப்பாட்டால் பஞ்சுக் கழிவையும் பிசினையும் அழுத்தி உடற்பகுதியைச் செய்தார்கள். பொறியாளர்கள் உருவாக்கிய புதிய மாதிரிகளைக் கட்சித் தலைமை நிராகரித்தது. பழைய காருக்கே மக்கள் பத்தாண்டுக்கு மேல் காத்திருந்தார்கள்.

இவற்றோடு ராட்டையை வைத்துப் பார்க்க வேண்டும். 1929இல் காந்தியின் அகில இந்திய சர்க்கா சங்கம், மேம்பட்ட ராட்டைக்கு ஒரு லட்ச ரூபாய் பரிசு அறிவித்தது. கையாலோ காலாலோ இயங்க வேண்டும். குடிசையில் ஒரு பெண் எட்டு மணி நேரம் அதிகக் களைப்பின்றி நூற்க முடிய வேண்டும். விலை 150 ரூபாயைத் தாண்டக் கூடாது. 20 ஆண்டு உழைக்க வேண்டும். நிபந்தனைகள் முழுவதும் நிறைவேறாததால் பரிசு எவருக்கும் போகவில்லை. பின்னர் தமிழ்நாட்டைச் சேர்ந்த ஏகாம்பரநாதன் உருவாக்கிய அம்பர் சர்க்கா, சுதந்திர இந்தியாவின் கதர்த் திட்டத்தில் முக்கிய இடம் பெற்றது.

வானொலி கேட்பவரை உருவாக்கியது. டிராபண்ட் காத்திருப்பவரை உருவாக்கியது. ராட்டை மட்டுமே உற்பத்தியாளரை உருவாக்க முயன்றது. அதனால்தான் இவை அனைத்திலும் மிகச் சிறந்த அரசியல் வடிவமைப்பு என்று அதை மதிக்கிறேன். கதரில் மட்டுமே நெய்யப்பட்ட தேசியக்கொடியை 2021 டிசம்பரில் செய்யப்பட்ட விதித்திருத்தத்துக்குப் பின் இயந்திரத்திலும் பாலியஸ்டரிலும் தயாரிக்கலாம். நூற்பவரின் இடத்தை இயந்திரத்துக்குக் கொடுத்த அந்த மாற்றமும் ஒரு கொள்கை முடிவுதான்.

வடிவமைப்புப் பயிலும் இளைஞர்கள் அந்த 1929 நிபந்தனைகளைப் பாடமாகப் படிக்க வேண்டும். இன்று எந்தப் பொருள் 'மக்களுக்காக', 'நாட்டுக்காக' என்ற பெயரோடு வந்தாலும், அதன் சின்னத்தைப் பார்ப்பதற்கு முன், நம்மை அது என்னவாக ஆக்குகிறது என்று கேளுங்கள்.