பென்னிகுயிக் கதையும் பேரில்லாத கூலிகளும்

முல்லைப் பெரியாறு அணையைப் பற்றிக் கம்பம் பள்ளத்தாக்கில் ஒரு கதை உண்டு. வேலை பாதியில் இருக்கும்போது வெள்ளம் வந்து கட்டியதை அடித்துக்கொண்டு போய்விட்டதாம். இனிமேல் பணம் கிடையாது என்று சர்க்கார் கையை விரித்துவிட்டதாம். பென்னிகுயிக் துரை சீமைக்குப் போய்ச் சொத்தையும் பெண்டாட்டி நகையையும் விற்றுவந்து அணையைக் கட்டி முடித்தாராம். அவர் படத்தை வைத்துப் பொங்கலிடுவதும், பிள்ளைகளுக்கு அவர் பேரை வைப்பதும் இந்தக் கதையின் பலத்தில்தான். 2013இல் அரசாங்கமே லோயர் கேம்பில் மணிமண்டபம் திறந்தது.

இந்தக் கதையை ஒரு பிரதியாக எடுத்து வாசிக்க விரும்புகிறேன். வெள்ளம் அடித்துப்போனது நிஜம். நகை விற்ற சங்கதிக்கு ஆவணம் இல்லை. 1887 முதல் 1895 வரை வேலை நடந்தது சென்னை மாகாண சர்க்கார் பணத்தில். சர்க்கார் பணம் என்றால் கடைசியில் ஜனங்கள் கட்டின வரிதான்.

ஆவணம் இல்லை என்று சொல்லிவிட்டுப் போவது வரலாற்றாசிரியர் வேலை. என் கேள்வி வேறே. இந்தக் கதைக்கு ஏன் ஒரு தியாகம் தேவைப்பட்டது?

தியாகம் நடந்தது என்று ஜனங்களுக்குத் தெரியும். அந்தக் காட்டில் மலேரியாவும் காலராவும் கூலிகளை வாரிக்கொண்டு போயின. நோயில் செத்தவர்கள் மட்டும் 483 பேர் என்று ஒரு கணக்குச் சொல்லப்படுகிறது. அணைக்குப் பக்கத்திலேயே புதைகுழிகள் இருக்கின்றன. அங்கே வேலை பார்த்த எஞ்சினியர் மெக்கன்சி 1899இல் இந்தத் திட்டத்தின் வரலாற்றைப் புத்தகமாகவே போட்டார். செத்தவர்களில் ஒருத்தர் பேரையாவது நாம் எந்தப் பாடத்தில் படித்தோம்? உயிர் கொடுத்த தியாகத்தை எடுத்து நகை விற்ற தியாகமாக மாற்றிவிட்டது இந்தக் கதை. துரைசானியின் சங்கிலி ஞாபகத்தில் நிற்கிறது. கல்லும் சுண்ணாம்பும் சுமந்த கழுத்து ஞாபகத்தில் இல்லை. கதையாடலின் அரசியல் என்று நாம் பேசுவது இதைத்தான்.

தண்ணீர் யாருக்குப் போனது என்பதிலும் கதை வாயைத் திறப்பதில்லை. அணை எழும்பிக்கொண்டிருந்த அதே காலத்தில், 1891இல், செங்கல்பட்டு கலெக்டர் திரெமென்கீர் பறையர்களின் நிலைமை பற்றி அதே சென்னை சர்க்காருக்கு அறிக்கை கொடுத்தார். 1892இல் பஞ்சமர்க்கு நிலம் ஒதுக்கும் உத்தரவு வந்தது. ஒதுக்கியது பெரும்பாலும் தரிசு. மலையைக் குடைந்து கிழக்கே திருப்பிய தண்ணீரோ பட்டா உள்ளவன் வயலுக்குப் போய் இருபோகம் விளைவித்தது. நாற்று நட்டதும் களை பறித்ததும் நம்ம பெண்கள். பெரியாற்றுத் தண்ணீர் பாயும் மேலூர்ப் பகுதியில்தான் மேலவளவும் இருக்கிறது. அங்கே 1997இல் பஞ்சாயத்துத் தலைவர் முருகேசனோடு சேர்த்து ஆறு பேரை வெட்டிக் கொன்றார்கள். வாய்க்கால் வந்தால் வயல் மாறுகிறது. சாதி தானாக மாறுவதில்லை.

இன்னொரு மௌனம் மலைக்கு மேலே. 1886இல் திருவிதாங்கூர் சமஸ்தானமும் சென்னை சர்க்காரும் 8000 ஏக்கரை 999 வருஷத்துக்குக் குத்தகை பேசின. அந்தக் காட்டையே வீடாக வைத்திருந்த மன்னான், பளியர்களைக் கேட்டவர் யார்? காடு முழுகியது. தேக்கடி ஏரியில் பட்ட மரங்கள் இன்னும் தலைநீட்டி நிற்கின்றன, படகில் போகிறவர்கள் படம் பிடித்துக்கொள்கிறார்கள். பிறகு சரணாலயம் வந்தது, 1978இல் புலிகள் காப்பகம் வந்தது. காட்டுக்காரர்கள் குமுளி ஓரத்துக் குடியிருப்புகளில் இருக்கிறார்கள்.

136 அடியா 142 அடியா என்று இரண்டு மாநிலமும் உச்ச நீதிமன்றத்தில் வழக்காடி, 2014இல் 142 அடிக்குத் தீர்ப்பும் வந்தது. தண்ணீரின் உயரத்தை அளந்தார்கள். அது யார் நிலத்தில் பாய்கிறது என்பதை யாரும் அளக்கவில்லை.

பென்னிகுயிக் கெட்டிக்கார எஞ்சினியர்தான். கம்பத்துக் குடியானவர்களின் நன்றியும் பொய் இல்லை. சிலை இருந்துவிட்டுப் போகட்டும். ஆனால் அந்த நன்றியில் கூலிக்குப் பங்கு இல்லை என்றால், அது முதலாளிக்குச் சொல்லும் நன்றி மட்டும்தான். எழுதுகிற தோழர்கள் சேரிகளுக்கும் மலைக்குடிகளுக்கும் போங்கள். பாட்டன் பாட்டி மலைக்கு வேலைக்குப் போன பேச்சு எந்த வீட்டிலாவது மிச்சம் இருந்தால், நடவுப் பாட்டில் ஒரு வரி ஒட்டிக்கொண்டிருந்தால், எழுதி எடுத்து வாருங்கள். இந்த அணைக்கு நமது இலக்கியம் இனிமேல்தான் எழுதப்பட வேண்டும்.