மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 'பால்' வினா: ஒரு மொழியியல் நோக்கு

இந்திய மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் 2011ஆம் ஆண்டுக் குடும்பப் படிவத்தில் பெயர், குடும்பத் தலைவருடன் உறவு ஆகியவற்றை அடுத்து மூன்றாவதாக நின்றது பால் பற்றிய வினா. ஆண் 1, பெண் 2 என்பவற்றோடு, 'பிற' எனப் பொருள்படும் 3 என்னும் குறியீடு அவ்வாண்டில்தான் முதன்முதலாக இடம்பெற்றது. அதன்கீழ் நாடு முழுவதும் 4,87,803 பேரும் தமிழ்நாட்டில் 22,364 பேரும் பதிவாயினர். இத்தொகையைத் திருநங்கையர் தொகையாகவே எடுத்தாளும் வழக்கம் பரவியுள்ளது. அக்குறியீட்டை விரும்பிய எவரும் அதனுள் அடங்குவர் என்றும், திருநங்கையருள் சிலர் ஆண் என்றோ பெண் என்றோ பதிவு செய்திருக்கக் கூடும் என்றும் கணக்கெடுப்புத் துறையே விளக்கியுள்ளமையால் அவ்வழக்கம் பொருந்தாது. எனினும் எண்ணைக் குறை கூறுவதினும் வினாவை ஆராய்வதே பயனுடையது.

மேற்கண்ட தொகையுள் 54,854 பேர், அதாவது ஏறத்தாழ ஒன்பதில் ஒரு பங்கினர், ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகள். தம் பால் யாது என அவர்கள் விடையிறுத்திரார். குடும்பத்தில் ஒருவர் அனைவருக்குமாக விடை கூறும் முறையில், தன்னுணர்வு பற்றிய விடை பிறர் வாயிலாகவே வருகிறது. மேலும் உறவுக்குரிய கட்டத்தில் 'மகன்', 'மருமகள்' என எழுதிய அளவிலேயே பாலும் வெளிப்பட்டுவிடுகிறது. அதற்குப் பின்னர் மூன்றாம் வினாவை வாய்விட்டுக் கேட்கும் கணக்கெடுப்பாளர் அரியர். கேட்கப்படாத வினாவுக்கு மூன்றாம் விடை கிடைப்பது எவ்வாறு?

மொழிபெயர்ப்பாளர் கருதத்தக்க சிக்கல் மற்றொன்று. ஆங்கிலத்தின் 'அதர்' என்பதும் இந்தியின் 'அன்ய' என்பதும் திணை வேறுபாடு அறியாதவை. தமிழில் 'பிறர்' உயர்திணை. 'பிற' அஃறிணைப் பன்மை. படிவங்களில் காணும் 'பிற' என்பதனைப் 'பிற பால்' என்பதன் குறுக்கமாகக் கொண்டு அமைதி கூறலாம். ஆயின் வாயிற்படியில் நிற்கும் ஒருவரிடம் 'ஆணா, பெண்ணா, பிறவா?' என அது ஒலிக்கும்போது அவ்வமைதி நில்லாது. மூலத்தில் இல்லாத இழிவு மொழிபெயர்ப்பில் புகுந்துவிடுகிறது.

தமிழ் இலக்கண மரபு இவ்விடர்ப்பாட்டை முன்னரே எதிர்கொண்டுள்ளது. 'பேடி' முதலிய பெயர்களுக்குத் தமக்கெனத் தனி ஈறு இல்லை எனவும், அவை உயர்திணைப் பால்களுக்குரிய ஈறுகளையே கொள்ளும் எனவும் தொல்காப்பியக் கிளவியாக்கம் கூறும். ஆண்மை திரிந்த பெயர் ஆண்பால் முடிபு பெறாது எனவும் விலக்கும். நன்னூலாரோ பெண்மை விட்டு ஆண்மை அவாவுவோரை ஆண்பாலிலும், ஆண்மை விட்டுப் பெண்மை அவாவுவோரைப் பெண்பாலிலும் அடக்கி, இரு சாராரும் அஃறிணை போலவும் முடிவர் என்று மற்றொரு வாயிலையும் திறந்துவிடுகிறார். இவற்றைக் கொண்டு பழந்தமிழர் அடையாள உரிமையை ஏற்றனர் என முழங்குதல் தகாது. இலக்கணியர் பேசுவது சொல் முடிபு பற்றியே. ஆயினும் 2001 வரையிலான கணக்கெடுப்புகளில் இத்தகையோர் ஆண் எனவே குறிக்கப்பட்டனர் என்பதும், 2011இன் பொது அட்டவணைகளில் மூன்றாம் குறியீட்டினர் ஆண் தொகையிலேயே சேர்க்கப்பட்டனர் என்பதும் நோக்கத்தக்கவை. தொல்காப்பியர் விலக்கிய முடிபையே புள்ளியியல் மேற்கொண்டது.

இனி, மேலைநாட்டு வினாவை அப்படியே கொணரலாம் என்பாரும் உளர். இங்கிலாந்து, வேல்சு 2021 கணக்கெடுப்பில், பிறப்பில் பதிவான பாலும் தாம் உணரும் பாலினமும் ஒன்றா என்னும் வினாவுக்கு ஏறத்தாழ 2,62,000 பேர் 'இல்லை' என்றனர். ஆங்கிலப் புலமை குறைந்தோரிடையே அவ்விடை மிகுந்து காணப்பட்டது. அவர்களுள் சிலர் வினாவையே பிறழ உணர்ந்திருக்கலாம் என்ற ஐயம் எழுந்தது. 2024இல் அத்தரவு தனக்குரிய ஏற்புத் தகுதியை இழந்து, வளர்ச்சி நிலைப் புள்ளிவிவரமாக வைக்கப்பட்டது. பெயரெச்சத் தொடர்கள் இரண்டை ஒப்பிட்டு 'ஆம், இல்லை' எனக் கூறச் செய்யும் வாக்கியம் இரண்டாம் மொழியாளருக்கு எளிதன்று. தமிழிலோ 'பால்', 'பாலினம்' என்பவற்றின் வேறுபாடு நம் கட்டுரைகளுக்கு அப்பால் இன்னும் வேரூன்றவில்லை. பேச்சு வழக்கில் 'பால்' என்றால் பசும்பாலே முதலில் நினைவுக்கு வரும்.

உச்ச நீதிமன்றம் 2014 ஏப்ரல் 15 அன்று வழங்கிய நால்சா தீர்ப்பு, ஆண், பெண், மூன்றாம் பாலினம் என்பவற்றுள் ஒன்றைத் தாமே தெரிந்துகொள்ளும் உரிமையை ஏற்றது. அதற்கு இயைய, அருவச் சொல்லை விடுத்து வழக்கிலுள்ள பெயர்களையே வினாவில் அமைத்தல் நலம்: 'உங்களை எவ்வாறு பதிவு செய்ய வேண்டும்? ஆண், பெண், திருநங்கை, திருநம்பி, இடைப்பாலினர், வேறு வகையினர்.' குறியீட்டெண்கள் நாடெங்கும் ஒன்றாக இருக்கலாம். பெயர்கள் அவ்வாறு இருத்தல் வேண்டா. கருநாடகத்து ஜோகப்பாவையும் மணிப்பூரின் நுபி மான்பியையும் ஓர் இந்திச் சொல்லின் மொழிபெயர்ப்பால் சுட்டிவிட இயலாது. வயது வந்தோர் உடனிருப்பின் இவ்வினாவை அவரவரிடமே கேட்குமாறு கையேடு பணித்தல் வேண்டும். குழந்தைகளின் விடையை வேறாகவே அட்டவணைப்படுத்தல் வேண்டும். 2025 ஜூன் 16 அறிவிக்கை அடுத்த கணக்கெடுப்புக்கு 2027 மார்ச் 1ஐ மேற்கோள் நாளாக வகுத்தது. எந்தக் கணக்கெடுப்பாயினும் அச்சுக்குச் செல்லுமுன் ஒவ்வொரு மொழிப் படிவத்தையும் அம்மொழியினர் சிலரிடம் வாய்விட்டு வாசித்துக் காட்டி, அவர்கள் கேட்டுணர்ந்தது யாது எனச் சோதித்தல் மொழியியலார் செய்யக்கூடிய சிறு பணியாகும்.