ஆடைதுறப்பும் சமூக ஏற்பும்: கோணமலைப் பதிகம் முதல் 'ஞானி'யின் கதை வரை

1

ஆடையின்றி வாழ்தலை ஒரு வாழ்க்கை நெறியாகக் கொண்டோர் மேலைநாடுகளில் கடந்த ஒரு நூற்றாண்டுக்கு மேலாக இயக்கமாகவே இயங்கி வருகின்றனர். உடல் வெட்கத்திற்குரியதன்று, ஆடை மனிதரை இயற்கையினின்றும் சக மனிதரினின்றும் பிரிக்கின்றது, ஆதலின் அதனைக் களைதல் விடுதலையின் ஒரு கூறாகும் என்பது அவர்தம் கோட்பாடு. பிறர் தம்மை இயல்பானவராக ஏற்றுக்கொள்ள வேண்டும் என்பது அவர்தம் கோரிக்கை. இதனைப் பண்பாட்டுச் சீரழிவென ஒரு சாராரும், தனிமனித சுதந்திரமென மறுசாராரும் கூறி அமைவர். இவ்விரு சாராரும் எழுப்பாத வினாவொன்று உண்டு. ஆடை துறந்தவர் எவர்? துறப்பதற்கு முன்னர் அவரிடம் துறக்கத்தக்க ஆடை இருந்ததா?

இவ்வினா நமக்கு அந்நியமானதன்று. திருகோணமலைத் துறைமுகத்தைச் சூழ்ந்த பிரதேசத்தை மையமாகக் கொண்டு நோக்குவோமாயின், குன்றின் மேலுள்ள கோயிலைப் பாடிய பதிகத்திலும், நகரின் வடக்கே நீண்டுகிடக்கும் கடற்கரையிலும் இதே வினா வெவ்வேறு வடிவங்களில் எழக் காணலாம். அதனைச் சில இலக்கியச் சான்றுகளின் துணைகொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2

கோணேச்சரத்தின் மீது திருஞானசம்பந்தர் பாடிய பதிகம் மூன்றாந் திருமுறையில் இடம்பெற்றுள்ளது. சம்பந்தரின் பதிகங்கள் பெரும்பாலும் ஒரு நியதிக்குட்பட்டவை. பத்தாம் பாடலிலே சமணரும் பௌத்தரும் கண்டிக்கப்படுவர். கோணமலைப் பதிகமும் இந்நியதிக்கு விலக்கன்று. அங்கே சமணர் நின்றவாறு உண்பவரென்றும், தேரர் இருந்து உண்பவரென்றும் அடையாளங் காட்டப்படுகின்றனர். கொள்கையை மறுப்பதற்கு முன்னர் உடற்பழக்கத்தைச் சுட்டிக்காட்டும் இம்முறை தேவாரத்திலே பரவலாகக் காணப்படுவது. ஆடையின்மை, மயிர் பறித்தல், நீராடாமை, பாயுடுத்தல் ஆகியனவும் ஏனைய பதிகங்களில் இவ்வாறே ஏளனத்திற்குள்ளாகின்றன.

இதனைக் கொண்டு, தமிழ்ச் சைவ மரபு ஆடையற்ற உடலை இயல்பாகவே அருவருத்தது என்று முடிவு கட்டுவது தவறாகும். அதே தேவாரம் தாருகாவனத்திற் பலிக்குத் திரிந்த சிவனை நெஞ்சுருகப் பாடுகின்றது. சோழர்காலச் சிற்பிகள் பிட்சாடன மூர்த்தியை ஆடையற்ற வடிவிலேயே வார்த்தனர். அவ்வடிவம் வழிபடவும் பெற்றது. எனவே எதிர்ப்பு ஆடையின்மைக்கு எதிரானதன்று. அதனைக் கொண்டொழுகிய கூட்டத்திற்கு எதிரானது என்பது பெறப்படும்.

பேராசிரியர் க. கைலாசபதி 1966இல் வெளிவந்த 'பண்டைத் தமிழர் வாழ்வும் வழிபாடும்' என்னும் நூலில், பல்லவர்காலச் சமயப் போரின் பின்னணியில் வணிக வர்க்கத்திற்கும் நிலவுடைமை வர்க்கத்திற்கும் இடையே நிலவிய முரண்பாட்டை இனங்காட்டினார். அவர் முடிபைத் துணையாகக் கொண்டு நோக்குமிடத்து, நிலமும் குடும்பமும் விளைச்சலும் சார்ந்த வாழ்வை இலட்சியமாக்கிய ஒரு கருத்துநிலைக்கு, வணிகர் ஆதரவில் வாழ்ந்த அம்மணத் துறவி ஏன் இலக்கானான் என்பது விளங்கும். 'அம்மணம்' என்ற சொல்லே 'அமணம்' என்பதன் வழிவந்ததென்பர். ஒரு சமயத்தார் நோன்பாகக் கொண்ட ஒழுக்கம், அவர் தோற்றபின், வெட்கத்தைக் குறிக்கும் சொல்லாக நம் நாவில் எஞ்சியது. சமூக ஏற்பு என்பது அதிகாரத்தின் வரலாற்றோடு பிணைந்தது என்பதற்கு இதனினும் தெளிவான மொழியியற் சான்று வேண்டுவதில்லை.

3

நவீன காலத்தில் இப்பொருள் குறித்து நாம் கருதத்தக்க நூல் எட்வேட் கார்ப்பென்டர் 1892இல் வெளியிட்ட இலங்கை–இந்தியப் பயணநூலாகும். சிவனொளிபாதமலையிலிருந்து எலிபந்தா வரை என்பது அதன் தலைப்பின் பொருள். கார்ப்பென்டர் (1844–1929) கேம்பிரிட்ஜில் பயின்று, திருச்சபைப் பதவியைத் துறந்து, ஷெபீல்ட் நகருக்கு அண்மையிலுள்ள மில்தோர்ப் கிராமத்திற் குடியேறியவர்; சோஷலிசவாதி; காலணிகளைத் தாமே தைத்து அணிந்தவர்; வெயிலும் காற்றும் உடலிற் படுதலை வலியுறுத்தியவர். ஆங்கில நாட்டு ஆடைதுறப்பு இயக்கத்தின் முன்னோடிகளுள் ஒருவராக அவர் கருதப்படுகிறார். 1890இல் அவர் இலங்கைக்கு வந்தமைக்குக் காரணமாயிருந்தவர் கேம்பிரிட்ஜ் நண்பர் பொன்னம்பலம் அருணாசலம் (1853–1924). அக்காலத்திற் குருநாகலில் பதவி வகித்த அருணாசலத்தின் வழியாகவே இராமசுவாமி என்னும் 'ஞானி'யை அவர் சந்தித்தார்.

நூலின் நடுநாயகமாக அமைந்த 'ஞானி' பற்றிய பகுதியில், இராமசுவாமியின் குருவாகிய தில்லைநாத சுவாமியின் வரலாறு சில வரிகளிற் கூறப்படுகின்றது. தில்லைநாதர் உயர்குடியிற் பிறந்த செல்வர், கப்பல்களுக்குச் சொந்தக்காரர். 1850இல் ஆன்மிகப் பயிற்சியில் இறங்கி, 1855இல் விடுதலையுற்றவராக, உடைமையனைத்தையும் உறவினர்க்கும் தம்மைச் சார்ந்தோர்க்கும் பகிர்ந்தளித்துவிட்டு, முற்றும் ஆடையின்றிக் காடேகினார். தாயும் சகோதரிகளும் வருந்திப் பலமுறை தேடிச் சென்று, திரும்பி வந்தால் யாவற்றையும் மீள ஒப்படைப்பதாகக் கெஞ்சினர். அவர் மறுமொழி கூறுவதையே நிறுத்தியபின் அவர்கள் ஓய்ந்தனர். அதன் பின்னர் தஞ்சையிற் சில தடவைகள் தென்பட்ட அவர், 1872க்குப் பின்னர் காணப்படவில்லை.

கார்ப்பென்டர் இதனை ஓர் ஆன்ம வெற்றியின் கதையாகவே கூறிச் செல்கிறார். நாம் இங்குச் சற்றுத் தங்கி நோக்குதல் வேண்டும். முதலாவதாக, இங்கே ஆடை என்பது சொத்தின் இறுதிப் படலம். கப்பல், பணம், வீடு என்பன ஒவ்வொன்றாய் நீங்கியபின் எஞ்சிய துணியும் நீங்குகின்றது. அவ்வம்மணத்தின் பொருள் அதற்கு முன்னிருந்த உடைமையினாலேயே பெறப்படுகின்றது. அக்கப்பல்களிற் சுமை ஏற்றியிறக்கிய கூலியாளும் அரைத்துணியோடுதான் நின்றிருப்பான்; அவனை எவரும் ஞானி என்றாரில்லை. இரண்டாவதாக, உறவினரின் ஏற்பு எவ்வாறு பெறப்பட்டது? அது இணக்கத்தினால் வந்ததன்று. மௌனத்தின் முன் அவர்கள் களைத்துப் போனமையால் வந்தது. தாய், சகோதரிகள் ஆகிய பெண்களின் துயரம் அக்கதையில் ஒரு தடையாக மாத்திரமே இடம்பெறுகின்றது. அவர்களுள் ஒருத்தி அவ்வாறு காடேகியிருப்பின் கதை வேறாகியிருக்கும். பன்னிரண்டாம் நூற்றாண்டுக் கன்னட நாட்டு அக்கமகாதேவியை மரபு ஏற்றுக்கொண்டபோதும், அவள் கூந்தலே அவளுடலை மறைத்ததாகக் கூறியன்றோ ஏற்றுக்கொண்டது?

கார்ப்பென்டரின் நூல் வெளிவந்த அதே 1892இல், திருகோணமலையிற் பிறந்து சென்னையிற் பணியாற்றிய தி. த. சரவணமுத்துப்பிள்ளையின் 'தத்தைவிடு தூது' வெளிவந்தமை ஈண்டு ஒப்புநோக்கத்தக்கது. பழைய தூது வடிவத்தினூடே பெண் விடுதலையைப் பேசிய நூல் அது. ஒருபுறம் உடைமையாளன் ஆடையையும் துறந்து விடுதலை எய்துகிறான். மறுபுறம் தமிழ்ப் பெண்ணின் விடுதலை அப்பொழுதுதான் இலக்கியப் பொருளாகின்றது. ஒரே காலத்து இவ்விரு நூல்களையும் அருகருகே வைத்து வாசிப்போர்க்கு, உடலின் சுதந்திரம் எல்லோர்க்கும் ஒரே இடத்திற் தொடங்குவதில்லை என்பது புலனாகும்.

கார்ப்பென்டருக்கு நாம் அநீதி இழைத்தலாகாது. மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களிலே தொழிலாளர் பெறும் அற்பக் கூலியை அவர் காணாமலில்லை. ஆயின் உழைப்பாளியின் திறந்த உடலை அழகியற் பொருளாகக் காணும் கண்ணும், அவ்வுடலின் கூலியைக் கணக்கிடும் கண்ணும் அவரிடம் இணையவில்லை. இரண்டாவதன் வழியே சென்றவர் அவருடைய தமிழ் நண்பரே. அருணாசலம் 1919இல் இலங்கைத் தொழிலாளர் நலன்புரிச் சங்கத்தை நிறுவி, தோட்டத் தொழிலாளரைக் குற்றவியற் சட்டத்தாற் பிணைத்த விதிகளை எதிர்த்தமை வரலாறு.

4

இந்தியாவில் முறையாக அமைந்த முதல் ஆடைதுறப்புக் கழகம் 1891இல் பம்பாய் மாகாணத்தில் தோன்றியது. அதனை நிறுவிய சார்ள்ஸ் குரோபோர்ட் தானே நகரின் மாவட்ட நீதிபதி, உறுப்பினர் மொத்தம் மூவர், அனைவரும் வெள்ளையர். கார்ப்பென்டருக்குக் கடிதமெழுதித் தம் கழகத்தைப் பற்றி அறிவித்தவரும் இவரே. 1892இல் அவர் இரத்தினகிரிக்கு மாற்றப்பட்டதோடு கழகமும் மறைந்தது. அரைத்துணியோடு வயலில் நிற்பவர்களால் நிறைந்த ஒரு நாட்டில், நீதிபதியொருவர் தம் நண்பரிருவரோடு ஒதுங்கிச் சென்று ஆடை களைந்தமை முரணாகத் தோன்றலாம். ஆயின் அது தற்செயலன்று. ஆடை பதவியின் சின்னமாக உடலை இறுக்கிய இடத்தில்தான் அதனைக் களைதல் இன்பமாகும்.

இதற்கு நேர்மாறான போராட்டம் அதற்கு முன்னரே தென்திருவிதாங்கூரில் நிகழ்ந்திருந்தது. நாடார் குலப் பெண்கள் மார்பை மறைக்கும் உரிமைக்காகப் பல்லாண்டுகள் போராடினர், தாக்கப்பட்டனர், 1859 ஜூலையில் மன்னரின் பிரகடனம் அவ்வுரிமையை வழங்கியது. அப்பொழுதும் மேற்சாதிப் பெண்டிரைப் போல் உடுத்தலாகாது என்ற நிபந்தனை நீங்கவில்லை. யாழ்ப்பாணச் சமூகத்திலும் ஒடுக்கப்பட்ட சாதியினர் மேலாடை அணிதல் நெடுங்காலம் மறுக்கப்பட்டமை யாவரும் அறிந்தது. கோணேசர் சந்நிதியில் ஆண்கள் மேலாடையைக் களைந்து நிற்பது பக்தி. அதே செயல் நிலவுடையான் முற்றத்தில் நிகழுமாயின் அது அடிமைத்தனம். உடல் ஒன்று, சால்வை ஒன்று, அதனைக் களையச் செய்யும் உறவே வேறு. தெய்வத்தின் முன் எல்லோரும் களைகின்றனர்; நிலவுடையான் முன் ஒரு சிலர் மாத்திரமே களைய வேண்டியிருந்தது.

1921 செப்டெம்பர் 22ஆம் நாள் மதுரையில் காந்தி அரையாடையை ஏற்றமை இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது. ஏழையின் உடையை அவர் தாமே தேர்ந்துகொண்டார், அத்தேர்வுக்காகவே போற்றப்பட்டார். அவ்வுடையை வறுமையாலேற்ற கோடிக்கணக்கானோர்க்கு அந்தத் தேர்வு இருக்கவில்லை. மார்க்சும் 'மூலதன'த்தின் தொடக்கத்திற் பண்டத்தின் மதிப்பை விளக்க லினன் துணியையும் மேற்சட்டையையும் எடுத்துக்காட்டாகக் கொண்டார். 1852இல் தம்முடைய மேற்சட்டைகள் அடகிலிருந்தமையால் வெளியே செல்ல இயலாதிருப்பதாக எங்கெல்சுக்கு எழுதியவரும் அவரே. ஆடையின்மையின் பொருள் எது என்பதை அடகுக்கடையின் வாயிலில் நின்று அறிந்தவர் அவர்.

5

இவ்வாறாயின் ஆடைதுறப்பு இயக்கம் உடைமை வர்க்கத்தின் பொழுதுபோக்கு மாத்திரந்தானா? அவ்வாறு கூறுதல் வரட்டுவாதமாகும். 1920களில் பேர்லினில் அடொல்வ் கோக் என்னும் சோஷலிச ஆசிரியர் தொழிலாளர் பிள்ளைகளுக்கும் குடும்பத்தினருக்குமாக ஆடையற்ற உடற்பயிற்சிப் பள்ளிகளை நடத்தினார். வெளிச்சமும் காற்றும் அற்ற குடியிருப்புகளில் நலிந்த உடல்களுக்கு அவற்றை மீட்டுக் கொடுப்பதே அதன் நோக்கமாயிருந்தது. 1933இல் நாஜிகள் அதனை ஒடுக்கினர். பின்னர் கிழக்கு ஜேர்மனியில், அரசின் தொடக்க எதிர்ப்பையும் மீறி, பால்டிக் கடற்கரையில் ஆடையின்றி நீராடும் வழக்கம் பரவியது. 1956இல் அதற்கு ஒழுங்குவிதியும் இயற்றப்பட்டது. இங்கே ஏற்பு எவ்வாறு வந்தது? தொழிலாளர்க்கு விடுமுறை இருந்தது, கடற்கரை பொதுவாயிருந்தது, ஆண், பெண், பிள்ளை யாவரும் குடும்பமாகச் சென்றனர். ஆடையைக் களைந்தோர் எல்லோரும் ஆடையுடையோராகவும் இருந்தனர்.

இவ்வளவையும் மனங்கொண்டு திருகோணமலைக் கடற்கரையை நோக்குவோம். உப்புவெளியிலும் நிலாவெளியிலும் 1970களிலேயே உல்லாச விடுதிகள் காலூன்றின. 2009இல் யுத்தம் முடிந்தபின் மீண்டும் பெருகின. வெயிலைத் தேடி வருவோர்க்குரிய அதே மணலில்தான் கரைவலை இழுப்போரும் நின்றனர். சம்மாட்டியின் வலையைப் பங்குக்காக இழுத்த அவ்வுழைப்பாளியின் உடல் தலைமுறை தலைமுறையாக வெயிலில் திறந்தே கிடந்தது. அதனை எவரும் வாழ்க்கை நெறியென்று பெயரிடவில்லை. ஏற்பதா மறுப்பதா என்ற விவாதமும் எழவில்லை. பொதுவிடத்தில் ஆடையின்றி நீராடுதல் இலங்கையில் சட்டப்படி தடைசெய்யப்பட்டுள்ளது. எனினும் அச்சட்டத்தைப் பற்றிய வாதத்தில் நம் ஒழுக்கவாதிகளும் சுதந்திரவாதிகளும் கடற்கரைக்கு வரும் விருந்தினரின் உடலையே கருதுகின்றனர். வலைப்பாட்டுக்கு மணல் எஞ்சுமா என்பது அவர்தம் வாதத்தில் இடம்பெறுவதில்லை.

ஆகவே நம் நிலைப்பாட்டைச் சுருங்கக் கூறலாம். ஆடை துறந்து வாழ விரும்பும் ஒருவரை, பிறர்க்கு ஊறு செய்யாதவிடத்து, இழிவுபடுத்துதற்கு நமக்கு உரிமையில்லை. அம்மணர் என்று பழித்து ஒரு கூட்டத்தையே அழித்த மரபின் வாரிசுகளாகிய நாம் இதனை ஏனையோரினும் நன்குணர்தல் வேண்டும். அதேவேளை, அவர் கோரும் ஏற்பு நேர்மையானதாக வேண்டுமாயின், திருவிதாங்கூர்ப் பெண் மார்பை மறைக்கக் கோரிய உரிமையும் அவர் ஆடையைக் களையக் கோரும் உரிமையும் ஒரே உரிமையின் இரு பக்கங்கள் என்பதை அவரும் ஏற்றல் வேண்டும். தன்னுடல்மேல் தனக்குள்ள அதிகாரமே அவ்வுரிமை. உடுக்கத் துணியும், களைய ஓய்வும், நிற்கப் பொதுக் கரையும் எல்லோர்க்கும் உளவாகும் வரை அவ்வுரிமை சிலரின் சலுகையாகவே இருக்கும்.