பயம் காலில், குத்து முகத்தில்

டெல்லி இந்திரா காந்தி விளையாட்டு வளாகத்துக்குள் கே.டி. ஜாதவ் பெயரில் ஒரு மல்யுத்த அரங்கம் இருக்கிறது. 2010 அக்டோபரில் டெல்லி காமன்வெல்த் போட்டிகளின் மல்யுத்தம் நடந்தது அங்கேதான். அதில் இந்தியப் பயில்வான்கள் 10 தங்கம் அள்ளினார்கள். சுஷில் குமார், யோகேஷ்வர் தத், நர்சிங் யாதவ் என்று தினமும் ஒரு பெயர் தலைப்புச் செய்தியானது. ஆனால் ஆகப் பெரிய உடம்புகள் மோதும் 120 கிலோ ஃப்ரீஸ்டைல் பிரிவில் இந்தியாவின் ஜோகிந்தர் குமாருக்கு வெள்ளிதான் கிடைத்தது. தங்கத்தை எடுத்துப்போனவர் கனடாவுக்காக வந்திருந்த அர்ஜன் சிங் புல்லர். அவரும் பஞ்சாபிதான். அப்பா அவதார், குஸ்தி பயின்ற கையோடு கனடாவுக்குக் குடிபெயர்ந்தவர்.

அந்தத் தங்கத்தோடு புல்லர் நின்றுவிடவில்லை. 2012-இல் லண்டன் ஒலிம்பிக், 2014-இல் எம்.எம்.ஏ. எனப்படும் கலப்புத் தற்காப்புக் கலை. 2021 மே 15 அன்று சிங்கப்பூரில் ‘ஒன்’ அமைப்பின் ஹெவிவெயிட் பட்டத்தை வென்றார். எம்.எம்.ஏ.வின் பெரிய அமைப்பு ஒன்றில் உலகப் பட்டம் வென்ற முதல் இந்திய வம்சாவளியினர் அவர்தான்.

இவ்வளவு இருந்தும் புல்லரின் சண்டையை ‘அபாரம்’ என்று சொல்பவர்கள் குறைவு. ஹெவிவெயிட் என்றாலே ஒரே குத்தில் ஆள் மல்லாக்க விழ வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம். கிங்காங் – தாராசிங் காலத்திலிருந்து நமக்குப் பழகிப்போன ஆசை அது. புல்லரிடம் அந்த ஒற்றை இடி கிடையாது. அவருடைய திறமை முழுக்க எதிராளியின் பயத்தில் இருக்கிறது. கீழே தூக்கிப் போட்டுவிடுவானோ என்று பயப்படுகிறவனை மேலே அடிப்பது, அடிக்குப் பயப்படுகிறவனைக் கீழே தள்ளுவது. இந்த இரண்டுக்கும் நடுவே எதிராளியை முடிவெடுக்க விடாமல் அலைக்கழிப்பதுதான் அவர் வித்தை.

இதன் வேர், அவர் டெல்லியில் ஆடிய காலத்து மல்யுத்த விதிகளில் இருக்கிறது என்றே தோன்றுகிறது. 2005 முதல் 2013 வரை ஒரு ஆட்டம் என்பது இரண்டிரண்டு நிமிடமாக மூன்று சுற்று. ஒரு சுற்றின் புள்ளி அடுத்த சுற்றுக்கு வராது. இரண்டு சுற்றை எடுத்தவர் வென்றார். எதிராளியை வட்டத்துக்கு வெளியே தள்ளினாலே 1 புள்ளி. யாரும் புள்ளி எடுக்காமல் சுற்று முடிந்தால் பைக்குள்ளிருந்து ஒரு நிறப் பந்தை எடுப்பார்கள். யாருடைய நிறம் வருகிறதோ, அவர் எதிராளியின் காலைக் கையில் பிடித்தபடி கூடுதல் நேரத்தைத் தொடங்கலாம். கேலிக்கூத்து என்று பலரும் திட்டிய விதி அது. திட்டியதில் நியாயமும் உண்டு. ஆனால் அது ஒருவகைப் பயில்வான்களை உருவாக்கியது. ஒரு புள்ளியை எடு, மீதி நேரம் ஆளை அசையவிடாதே.

புல்லர் அந்த வார்ப்பு. பிடரியில் ஒரு கை, மணிக்கட்டில் ஒரு கை, நெற்றி எதிராளியின் தாடையில். பார்க்கிறவர்களுக்கு இரண்டு பேர் சாய்ந்து ஓய்வெடுப்பதுபோலத் தெரியும். உள்ளே இருப்பவனுக்கோ நூற்றுச் சொச்சம் கிலோ கழுத்தில் தொங்குகிறது. அந்தப் பாரத்தோடு மூன்று நிமிடம் நின்றவனால் நான்காவது நிமிடத்தில் கையைத் தூக்க முடியாது.

அமெரிக்காவின் சான் ஹோசே நகரில் ஏ.கே.ஏ. என்றொரு பயிற்சிக்கூடம் இருக்கிறது. கெய்ன் வெலாஸ்கஸ், டேனியல் கார்மியே என்று மல்யுத்தத்திலிருந்து வந்த இரண்டு ஹெவிவெயிட் சாம்பியன்கள் உருவான இடம். புல்லரும் அங்கேதான் பயின்றார். பயில்வானைக் குத்துச்சண்டைக்காரனாக மாற்ற முயலாமல், பிடிக்குள்ளிருந்தே கிளம்பும் குத்துகளைச் சொல்லிக்கொடுப்பது அந்தக் கூடத்தின் சிறப்பு.

புல்லரின் அடியை நிதானமாக ஓட்டிப் பார்க்க வேண்டும். முதலில் இடது கையால் நேர்க்குத்து, ஜாப். பெரிய பலம் இல்லை, தூரத்தை அளக்கிறது. பிறகு முழங்கால் மடங்குகிறது, தோள் தாழ்கிறது, கண் எதிராளியின் இடுப்புக்குப் போகிறது. காலைப் பிடிக்க வருகிறான் என்று எதிராளி இடுப்பைப் பின்னுக்கு இழுத்துக் கைகளைக் கீழே கொண்டுவருகிறான். தாழ்ந்த அந்தக் கைகளுக்கு மேலாக வலது ஓவர்ஹேண்ட், தேங்காய்க் குலையை நோக்கி ஓங்கிய அரிவாள்போல வளைந்து இறங்கும். அந்தக் குத்தில் வேகமும் நடுத்தரம், நுணுக்கமும் நடுத்தரம். இறங்கும் நேரம் மட்டும் முதல் தரம். ‘சார்பட்டா பரம்பரை’ குத்துச்சண்டைப் படம் பார்த்துக் கால் அசைவை ரசிக்கத் தெரிந்துகொண்டவர்கள் புல்லரிடம் ஒரு டான்சிங் ரோஸைத் தேடினால் ஏமாந்துபோவார்கள்.

‘ஒன்’ அமைப்புக்கு வருமுன், எம்.எம்.ஏ.வின் இன்னொரு பெரிய அமைப்பான யு.எஃப்.சி.யில் அவர் பெற்ற மூன்று வெற்றியும் நடுவர்களின் புள்ளிக் கணக்கில் வந்தவை. தோல்வி ஒன்றே ஒன்று; ரசிகனுக்கு அதில்தான் பாடம் அதிகம். 2018 ஏப்ரலில் அரிசோனாவின் கிளெண்டேலில் தலைப்பாகையோடு எம்.எம்.ஏ. சண்டைக் கூண்டை நோக்கி நடந்து வந்தார். எதிரே போலந்தின் ஆடம் வியெச்சோரெக். ஆளைக் கீழே தள்ளி மேலே ஏறிக்கொண்டார் புல்லர். மல்யுத்தத்தில் மல்லாந்தவன் தோற்றவன். மேலே இருப்பவனுக்கு அங்கே கவலையே இல்லை. எம்.எம்.ஏ.வில் கலந்திருக்கும் ஜியு-ஜிட்சு என்ற பூட்டுக் கலையிலோ மல்லாந்து கிடப்பவனின் இரண்டு கால்களும் இரண்டு கைகளாகிவிடும். வியெச்சோரெக் தன் காலைப் புல்லரின் தோளுக்கு மேலே வளைத்துப் போட்டு, கையை முதுகுப்பக்கம் முறுக்கிவிட்டார். ஓமோபிளாட்டா என்ற இந்தப் பூட்டில் யு.எஃப்.சி. வரலாற்றில் அதற்கு முன் ஒரே ஒருவர்தான் தோற்றிருந்தார்.

இது புல்லருக்கு மட்டும் நேர்ந்ததல்ல. ஹரியாணாவின் ரிது போகாட் 2021 டிசம்பரில் ‘ஒன்’ அமைப்பின் கிராண்ட் பிரீ இறுதியில் தாய்லாந்தின் ஸ்டாம்ப் ஃபேர்டெக்ஸைக் கீழே கொண்டுபோய், அங்கேயே கைப்பூட்டில் சிக்கித் தோற்றார். டெல்லி சத்ரசால் மைதானத்திலும் குரு ஹனுமான் அகாடாவிலும் தினமும் விடியலில் இடுப்புக்கும் கழுத்துக்கும் உழைக்கிற பிள்ளைகளில் யாராவது கூண்டுக்குள் போக நினைத்தால், முதலில் மறக்க வேண்டியது ‘மேலே இருந்தால் பத்திரம்’ என்ற அந்தப் பழக்கத்தைத்தான்.

சிங்கப்பூரில் புல்லர் எல்லாவற்றையும் சரியாகச் செய்தார். நிகழ்ச்சிக்கே ‘தங்கல்’ என்று பெயர், வடக்கே குஸ்திப் போட்டிக்குச் சொல்லும் அதே பெயர். எதிரே 2015-இலிருந்து பட்டத்தை வைத்திருந்த பிலிப்பைன்ஸ் வம்சாவளி அமெரிக்கர் பிராண்டன் வேரா, வயது 43. உதையில் கெட்டிக்காரர், பட்டத்தை 26 வினாடியில் வென்றவர். அவரோடு நின்று குத்துவது மடத்தனம் என்றுதான் பயில்வான் யாருக்கும் தோன்றும். புல்லர் முதல் சுற்றில் பெரும்பாலும் நின்றே குத்தினார். பிடிக்கு வருவான் என்று காத்திருந்த வேராவுக்கு ஜாபும் ஓவர்ஹேண்டும் மாறி மாறி வந்தன. வராத பிடிக்காகவே இடுப்பை இறுக்கி வைத்திருந்ததில் அவருடைய மூச்சு தீர்ந்தது. இரண்டாம் சுற்றில், கால் கனத்துப்போன பிறகு, புல்லர் நிஜமாகவே கீழே கொண்டுபோனார். வேரா தலையைப் பொத்திக்கொண்டு எழ முடியாமல் கிடக்க, சளைக்காமல் குத்து விழுந்தது. 4 நிமிடம் 27 வினாடியில் நடுவர் குறுக்கே விழுந்து நிறுத்தினார். ஒரு ஹெவிவெயிட் தன் பிடியைக் காட்டாமலே அதை இவ்வளவு நேரம் பயன்படுத்தியது அபூர்வம்.

அந்தப் பயம் எடுபடாத ஆளும் வந்து சேர்ந்தார். சிங்கப்பூர் வெற்றிக்குப் பின் இரண்டு ஆண்டுகள் புல்லர் களமிறங்கவில்லை. அந்த இடைவெளியில் ரஷ்யாவின் அனடோலி மலிகின் இடைக்காலப் பட்டத்தை எடுத்துக்கொண்டார். மலிகினும் ஃப்ரீஸ்டைல் பயில்வான், போதாததற்குக் கையும் வேகம். 2023 ஜூனில் பாங்காக்கில் இருவரும் மோதியபோது, புல்லர் தோளைத் தாழ்த்தினார். மலிகின் கையைத் தாழ்த்தவில்லை. பிடிக்கப் போனார், மலிகின் இடுப்பால் அமுக்கித் தள்ளிவிட்டார். காலைப் பற்றிக் கவலைப்படாதவனை அடிக்கப் புல்லரிடம் தனியாகக் குத்து எதுவும் இருக்கவில்லை. மூன்றாம் சுற்றில் சண்டை நிறுத்தப்பட்டது.

அடுத்த மார்ச்சில் கத்தாரில் ஈரானின் அமீர் அலியாக்பரி. அவரும் மல்யுத்தக்காரர், கிரேக்க-ரோமன் வகையில் உலக அளவில் பெயர் எடுத்தவர். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டே நேரத்தைக் கழிக்க, தயங்கியதற்காக எச்சரிக்கைகள் விழுந்து, கடைசியில் தகுதிநீக்கம் செய்யப்பட்டவர் புல்லர். ஒரு புள்ளியை எடுத்துக் காப்பாற்றும் பொறுமை, எடுக்கப் புள்ளியே இல்லாத இடத்தில் வெறும் நிற்றலாகிவிட்டது. அதே நிகழ்ச்சியில் மலிகின் ரெய்னியர் டி ரிடரை வீழ்த்தி, மூன்றாவது எடைப் பிரிவின் பட்டத்தையும் இடுப்பில் கட்டிக்கொண்டார்.